நல்ல எண்ணத்தோடு செய்தால் போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அவன் வேணும்னு செய்யல, விடுங்கண்ணே" என்பார் ஒருவர். "வேணும்னு செஞ்சா என்ன, தெரியாம செஞ்சா என்ன, போன உசுரு போனதுதானே" என்பார் இன்னொருவர். கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், மலையேறினால் குமுளி, வண்டிப்பெரியாறு என, தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் எங்கள் பக்கத்தில் எந்தப் பஞ்சாயத்தை எடுத்தாலும் கடைசியில் இந்த இரண்டு பேச்சில்தான் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். மாலை வேளைகளில் இளைஞர்களோடு உட்கார்ந்து அறநூல்களைப் படித்துப் பேசுவது என் வழக்கம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என்னால் இயன்ற பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

எண்ணம் முக்கியமா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

முக்கியம். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு முக்கியமில்லை.

ஒரு சம்பவம் நடந்ததும் நாம் மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். செய்த ஆள் எப்படிப்பட்டவர் என்பது ஒன்று. அப்படிச் செய்திருக்கலாமா என்பது இன்னொன்று. பாதிக்கப்பட்டவருக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. ஆளை எடைபோடும்போது எண்ணம்தான் பெரிய சாட்சி. செயலை எடைபோடும்போது எண்ணத்தோடு, அவர் எவ்வளவு விசாரித்தார், எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டியதைப் பேசும்போது எண்ணத்துக்கு இடம் மிகக் குறைவு. கால் ஒடிந்தவரின் வைத்தியச் செலவு, இடித்தவர் வேண்டுமென்று இடித்தாலும் தெரியாமல் இடித்தாலும் ஒன்றுதான்.

நம் பஞ்சாயத்துகளில் ஒரு தரப்பு முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும், மறு தரப்பு மூன்றாவதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அதனால்தான் விடியும்வரை பேசினாலும் தீருவதில்லை.

எண்ணத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது மனிதருக்குப் பிறவியிலேயே வருவதா?

வளர வளர வருகிறது. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளிடம் இரண்டு கதைகள் சொல்கிறார். ஒரு பையன் சாப்பிடக் கூப்பிட்டார்களே என்று கதவைத் திறக்கிறான். பின்னால் இருந்தது தெரியாமல் 15 கோப்பைகள் உடைகின்றன. இன்னொரு பையன் அம்மா இல்லாத நேரத்தில் அலமாரியில் இருந்த ஜாமைத் திருடி எடுக்கப்போய் ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் பெரிய தப்புச் செய்தவன்? சின்னஞ்சிறு குழந்தைகள் பலர் 15 உடைத்தவனைக் கைகாட்டினார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் திருடப் போனவனைச் சொன்னார்கள். எண்ணத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னால் இன்னும் சிறிய குழந்தைகளும் அதைக் கணக்கில் எடுப்பார்கள் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

2010இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். வலது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் வேலையைக் காந்தத் துடிப்பால் கொஞ்ச நேரம் குலைத்தார்கள். பிறகு, விஷம் என்று நினைத்துத் தோழிக்குப் பொடி கலந்து கொடுத்தாள், அது சர்க்கரையாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை என்பது போன்ற கதைகளைச் சொல்லி, இது தப்பா என்று கேட்டார்கள். பகுதி குலைந்திருந்தவர்கள், "ஒன்றும் ஆகவில்லையே" என்ற பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். பிறர் மனதில் என்ன இருந்தது என்று பார்க்கும் திறன் உடம்பிலேயே வேரூன்றியது என்பதற்கு இது ஒரு சான்று. விளைவை மட்டும் பார் என்று சட்டம் போட்டாலும் மனிதர்களால் முழுக்க அப்படி இருக்க முடியாது.

சித்ரா பௌர்ணமிக்குக் கண்ணகி கோயிலுக்குப் போகிறோம். பாண்டிய மன்னன் கெட்டவனா?

எங்கள் ஊரில் இதைக் கேட்காத பிள்ளை இல்லை. ஆண்டுக்கு ஒரு நாள், பளியன்குடி வழியாக நடந்தும் குமுளியிலிருந்து ஜீப்பிலும் இரண்டு மாநிலத்தாரும் கண்ணகி கோயில் இருக்கும் மங்கலதேவி மலைக்கு ஏறுகிறோம். ஏறும்போதே இந்தப் பேச்சு வந்துவிடும். நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். கோவலனை அவனுக்குத் தெரியாது, அவன்மேல் பகையும் கிடையாது. நிரபராதியைக் கொல்ல வேண்டும் என்ற நினைப்பு அவனுக்கு ஒரு கணமும் இல்லை. அரசியின் ஊடலைத் தணிக்கப் போகிற அவசரத்தில் இருக்கிறான். சிலம்பு திருடியவன் என் குடிலில் இருக்கிறான் என்று பொற்கொல்லன் வந்து சொல்கிறான். காவலரைக் கூப்பிட்டு மன்னன் இடும் ஆணை: என் தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் "கைய தாகில்", கொன்று அச்சிலம்பைக் கொண்டு வாருங்கள்.

அந்த "ஆகில்" என்பதைக் கவனியுங்கள். மன்னன் நிபந்தனை வைத்துத்தான் பேசியிருக்கிறான். கையில் இருப்பது அரசியின் சிலம்புதானா என்று யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது, அந்த ஆளின் பக்கத்து நியாயத்தை யார் கேட்பது என்பதற்கு மட்டும் ஏற்பாடு எதுவும் இல்லை. குற்றம் சாட்டியவனே அடையாளம் காட்டுகிறான். ஒரு உயிர் போகிற காரியத்தில் மன்னன் செலவிட்டது ஒரு வாக்கியம். பின்னால் கண்ணகி வந்து சிலம்பை உடைத்தபோது மாணிக்கப் பரல் தெறித்தது. அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. இந்தச் சோதனையை அன்று காலையிலேயே செய்திருக்கலாம்.

உண்மை தெரிந்ததும் மன்னன் என்ன சொன்னான்? "எனக்குத் தெரியாதே, கொல்லன் ஏமாற்றிவிட்டான்" என்று சொல்லவில்லை. "யானோ அரசன், யானே கள்வன்" என்றான், அங்கேயே உயிரை விட்டான். அவன் வாயில் கொல்லனின் பெயர் வருகிறது, ஆனால் எப்படி வருகிறது என்று பாருங்கள். கொல்லன் பேச்சைக் கேட்ட நான் என்றுதான் வருகிறது. பழி கேட்டவன் மேல்தான் என்று அவனே தீர்க்கிறான்.

என் பதில் இது. ஆளாகப் பார்த்தால் அவன் தீயவன் அல்லன். செயலாகப் பார்த்தால் அது பெருங்குற்றம். விசாரிக்க வேண்டிய இடத்தில் இருந்தவன் விசாரிக்கவில்லை. கண்ணகிக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டால், அவன் நல்லவன் என்பதால் அவள் கணவன் திரும்பி வரப்போவதில்லை.

நல்லது செய்யப்போய்த் தீங்கு வந்தால்? உதவப் போனவரையும் குறை சொல்லலாமா?

ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். பாம்பு கடித்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய், விஷம் ஏறக்கூடாது என்று தலைத்துண்டைக் கிழித்துக் கடிபட்ட இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுகிறார். இன்னொருவர் பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்றப் பார்க்கிறார். இருவர் எண்ணமும் பொன்னானது. ஆனால் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, கட்டுக்குக் கீழே சதை அழுகலாம், கையையோ காலையோ எடுக்க வேண்டி வரலாம். கீறினால் ரத்தப்போக்கும் கிருமித் தொற்றும்தான் மிச்சம். கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் இருக்கும் குழிவிரியன் வகைகளுக்கு அது சரிப்படாது. அதனால் கடித்தது எது என்று தூரத்தில் நின்று பார்த்துவைப்பதும் உதவும். அடித்துப் பிடிக்கப் போய் இன்னொரு கடி வாங்கக் கூடாது.

இப்போது கேள்விக்கு வருவோம். கட்டியவர் குற்றவாளியா? காலம் காலமாக ஊரே அப்படித்தான் செய்தது, அவருக்கு யாரும் வேறு சொல்லித்தரவில்லை என்றால், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதே தோட்டத்தில் மருத்துவ முகாம் நடத்தி, கட்டக்கூடாது என்று சொல்லி, சுவரில் எழுதியும் வைத்திருக்க, "இதெல்லாம் எனக்குத் தெரியாதா" என்று கட்டியவர் என்றால் கதை வேறு. இருவர் எண்ணமும் ஒன்றுதான். தெரிந்துகொள்ள வாய்ப்பு இருந்ததா, அதை எடுத்துக்கொண்டாரா என்பதில்தான் வித்தியாசம்.

வள்ளுவர் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார்: "நன்றாற்ற லுள்ளுந் தவறுண்டு அவரவர் பண்பறிந் தாற்றாக் கடை". நல்லது செய்வதிலும் தவறு நேரும், யாருக்குச் செய்கிறோமோ அவர் இயல்பை அறியாமல் செய்தால். குமுளி மலைப்பாதையில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குப் பழமும் பிஸ்கட்டும் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் குறள் நினைவுக்கு வரும். புண்ணியம் என்று போடுகிறார்கள். காட்டில் இரை தேட வேண்டிய குரங்கு வளைவில் உட்கார்ந்து வண்டிக்குக் காத்திருக்கப் பழகுகிறது, கடைசியில் சக்கரத்தில் மாட்டுகிறது. தயவுசெய்து போடாதீர்கள்.

அப்படியானால் அறியாமையும் குற்றமா? சட்டம் என்ன சொல்கிறது?

எல்லா அறியாமையும் அல்ல, போக்கிக்கொண்டிருக்கக் கூடிய அறியாமை. இதில் நம் சட்டம் ஒரு நுட்பமான வேலை செய்திருக்கிறது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு, உரிய கவனமும் கருத்தும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தில் செய்ததாகச் சொல்ல முடியாது என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே வைத்திருக்கிறது. நல்லெண்ணம் என்பதற்குள்ளேயே கவனம் அடங்கியிருக்கிறது என்பதுதான் இதன் பொருள். மனம் சுத்தமாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்தச் சுத்தமான மனம் விசாரிக்கச் சொல்லியிருக்க வேண்டாமா?

உத்தமபாளையத்தில் கருப்பணசாமி பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக இருக்கின்றன. அந்தச் சமணர்களும் இதைத்தான் வேறு வழியில் சொன்னார்கள். கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர் போவதே இம்சை என்பது அவர்கள் இலக்கணம். பார்த்துப் பார்த்து நடந்தும் காலடியில் பூச்சி சிக்கினால் ஒரு நியாயம், பார்க்காமலே நடந்தவனுக்கு வேறு நியாயம். எனக்கு இந்த வரையறை மேல் பெரிய மதிப்பு உண்டு.

பென்னிகுவிக்கைக் கும்பிடுகிறோம். வெள்ளைக்காரன் வரிக்காகத்தானே அணை கட்டினான்?

ஜனவரி 15 வந்தால், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலப் பொறியாளர் பென்னிகுவிக்கின் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிற ஊர்க்காரன் நான். ஆகவே இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைக் கொன்ற பஞ்சத்தை எல்லோரும் அறிவார்கள். மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய அணை 1895இல் நீர் தந்தது. ஆங்கில அரசு எந்தப் பாசன வேலையையும் வருவாய்க் கணக்குப் பார்க்காமல் எடுத்ததில்லை, இதையும் அப்படித்தான் எடுத்தது. கட்டும்போது காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கான கூலியாட்கள் செத்தார்கள். இவை எல்லாம் உண்மை. இரண்டு போகம் நெல் விளைந்ததும் உண்மை.

இங்கே எண்ணத்தையும் அதற்குப் பின்னால் நிற்கும் தூண்டுதலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நீரைக் கொண்டுவர வேண்டும் என்பது எண்ணம். ஏன் கொண்டுவர வேண்டும் என்பது தூண்டுதல். அரசுக்கு அது வரியாக இருந்திருக்கலாம், பொறியாளருக்கு வேறாக இருந்திருக்கலாம். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1861இல் எழுதினார்: நீரில் மூழ்குகிறவனைக் காப்பாற்றியவன் செய்தது சரியான காரியமே, கடமைக்காகச் செய்தாலும் கூலி கிடைக்கும் என்று செய்தாலும். தூண்டுதல் ஆளின் மதிப்பை மாற்றும், செயலின் நியாயத்தை மாற்றாது என்பது அவர் கட்சி. ஜெர்மானியர் இம்மானுவேல் கான்ட் 1785இல் எதிர்ப் பக்கம் நின்றார். சின்னப் பிள்ளை வந்து கேட்டாலும் ஒரே விலை சொல்லும் கடைக்காரர், வாடிக்கை போய்விடக்கூடாது என்பதற்காக அப்படி இருந்தால் அந்த நேர்மைக்கு அற மதிப்பு இல்லை என்றார்.

கான்ட்டுக்கு வெகு முன்பே நம்மவர் ஒருவர் இதைப் பாடிவிட்டார். பொதிகை மலை நாட்டை, அதாவது இன்றைய தமிழ்நாடும் கேரளமும் முதுகோடு முதுகு சாய்ந்திருக்கும் அதே மலைத்தொடரின் தென்பகுதியை, ஆண்ட ஆய் அண்டிரனைப் பற்றிப் புறநானூற்றில் முடமோசியார்: "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்". இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்று அறத்தை விலைக்கு விற்கும் வியாபாரி அல்லன் அவன். சான்றோர் போன வழி என்பதால் கொடுக்கிறான். புலவர் இங்கே எடைபோடுவது கொடுக்கிற ஆளை.

என் தீர்வு: வாங்கின நீருக்கு நன்றி சொல்ல அரசின் உள்மனதைத் துருவ வேண்டியதில்லை. அந்த அரசு தர்ம அரசு என்று சான்றிதழ் கொடுக்கத்தான் அதன் தூண்டுதலைப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு சான்றிதழ் கொடுக்க எனக்கு மனமில்லை. பென்னிகுவிக் என்ற மனிதருக்கு வைக்கிற பொங்கல் வேறு, காலனி ஆட்சிக்குச் சொல்கிற வாழ்த்து வேறு. செத்துப்போன கூலியாட்களையும் அந்தப் பொங்கலில் நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரே தப்பைச் செய்த இரண்டு பேரில் ஒருவர் தப்பிக்கிறார், ஒருவர் ஜெயிலுக்குப் போகிறார். இது நியாயமா?

விடியற்காலையில் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி மூன்று பாதையிலும் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். இரண்டு டிரைவர்கள். இரண்டு பேரும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருக்கிறார்கள், இரண்டு பேரும் தூக்கம் குறைந்தவர்கள், இரண்டு வண்டியிலும் பிரேக் பார்த்து நாளாகிறது. ஒருவர் சுகமாகப் போய் இறக்கிவிட்டு டீ குடிக்கிறார். மற்றவர் வண்டிக்கு முன்னால் வளைவில் ஒருவர் குறுக்கே வந்துவிடுகிறார். அந்தக் குறுக்கே வந்தது மட்டும்தான் வித்தியாசம். யாருக்கும் எதுவும் ஆகாவிட்டால் அதிவேக, கவனக்குறைவான ஓட்டலுக்கு ஆறு மாதம் வரை சிறை. கவனக்குறைவால் உயிர் போனால் முன்பு இரண்டு ஆண்டு வரை இருந்தது, இப்போதைய சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார்கள். நம் கையில் இல்லாத ஒன்றுக்காக நம்மைப் புகழவோ பழிக்கவோ கூடாது என்கிறோம். ஆனால் நடைமுறையில் தற்செயலாக நடந்தவற்றுக்குத்தான் பாதிப் பழியும் போடுகிறோம். அவர்கள் இதற்கு எளிய விடை இல்லை என்றே விட்டார்கள்.

நான் முதலில் சொன்ன மூன்று கேள்விகளை இங்கே வைத்துப் பார்க்கிறேன். ஆளாக இரண்டு டிரைவர்களும் ஒரே அளவு பொறுப்பில்லாதவர்கள். டீ குடிக்கிறவர் தன்னை நல்லவர் என்று நினைத்துக்கொள்ள இடமே இல்லை. ஆனால் மோதியவருக்கு ஒரு குடும்பத்தோடு தீராத கணக்கு வந்துவிட்டது. அது தற்செயலால் வந்ததுதான், ஆனாலும் அவருடையதுதான். ஒரு தப்பும் செய்யாமல், கவனமாக ஓட்டியும், பிள்ளை குறுக்கே ஓடிவந்து அடிபட்டால்கூட அந்த டிரைவர் மற்றவர்களைப் போல "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போக மாட்டார். போனால் அவரிடம் ஏதோ குறைகிறது என்று நினைப்போம். வில்லியம்ஸ் இதை எடுத்துக்காட்டியது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆறு மணிக்குள் ஆள் தோட்டத்தில் நிற்கவேண்டும் என்று நெருக்குகிற தோட்டக்காரரும், டிரிப்புக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போடுகிற ஏஜென்ட்டும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதே அவர்களுக்குப் பெரிய பாதுகாப்பாக இருக்கிறது. எண்ணத்தை மட்டும் பார்க்கிற நியாயம் எப்போதும் கடைசியில் ஸ்டியரிங் பிடித்தவன் தலையில்தான் விடியும்.

தெரியும், ஆனால் அது என் நோக்கமில்லை என்கிறார்களே?

இது பழைய வாதம். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், தற்காப்பில் எதிரி செத்தால் அது நோக்கமல்ல, உயிரைக் காப்பதே நோக்கம் என்று எழுதினார். அதிலிருந்து வளர்ந்த கொள்கைக்கு மருத்துவத்தில் இன்றும் இடம் உண்டு. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் வலி தாங்காதவருக்கு மார்ஃபின் கொடுக்கும் மருத்துவர், வலியைத் தணிக்கத்தான் கொடுக்கிறார். அந்த மருந்தால் மூச்சு மந்தமாகும் அபாயம் அவருக்குத் தெரியும். அளவு பார்த்து, வேறு வழி இல்லாமல், நோயாளியின் நன்மைக்காகவே கொடுத்தால் அது கொலை அல்ல.

ஆனால் இந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற எல்லோரையும் உள்ளே விடக்கூடாது. ஏலச்செடியில் இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். முகமூடி, கையுறை இல்லாமல் அடிக்கிறவருக்கு என்ன ஆகும் என்று முதலாளிக்குத் தெரியும். "காயைக் காப்பாத்தணும், அதுதான் என் எண்ணம், யாருக்கும் கெடுதல் நினைக்கலையே" என்றால்? மருத்துவர் கதையில் அபாயத்தைச் சுமக்கிறவரும் நன்மை பெறுகிறவரும் ஒரே ஆள். இங்கே அபாயம் ஒருவருக்கு, லாபம் இன்னொருவருக்கு. அதோடு, கையுறை வாங்கிக் கொடுத்தால் தீருகிற காரியம். தெரிந்தும் கொடுக்காதவர் கெடுதல் நினைக்கவில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

பொதுமக்களும் ஏற்பதில்லை. 2003இல் வெளியான ஆய்வில் ஜோஷுவா நோப் நியூயார்க்கின் பூங்காவில் மக்களிடம் ஒரு கதை சொன்னார். ஒரு கம்பெனித் தலைவர், "சுற்றுச்சூழல் கெட்டால் எனக்கென்ன, லாபம் வந்தால் சரி" என்று திட்டத்தைத் தொடங்குகிறார், சுற்றுச்சூழல் கெடுகிறது. 82 சதவீதம் பேர் அவர் வேண்டுமென்றே கெடுத்தார் என்றார்கள். கெடுக்கும் என்பதை நன்மை செய்யும் என்று மாற்றி, அதே அலட்சியத்தோடு சொன்னபோது, வேண்டுமென்றே நன்மை செய்தார் என்றவர்கள் 23 சதவீதம்தான். தெரிந்தே அலட்சியமாக விட்ட தீமையை மக்கள் நோக்கமாகவே எழுதிக்கொள்கிறார்கள்.

நல்லதுக்காகப் பொய் சொல்லலாமா?

"பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்கிறது குறள். கான்ட் 1797இல் எழுதிய கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடிவரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது என்றார். நான் வள்ளுவர் பக்கம். ஆனால் "புரைதீர்ந்த" என்ற நிபந்தனையை விட்டுவிட்டுப் பாதிக் குறளைச் சொல்லித்தான் பலர் தப்பிக்கிறார்கள். குற்றம் கலக்காத நன்மையாக இருக்க வேண்டும். சொல்கிறவருக்கு வசதி என்பது அதில் சேராது.

மனதில் நினைத்தாலே பாவமா? செய்யவே இல்லையே?

"உள்ளத்தால் உள்ளலும் தீதே" என்று கள்ளாமை அதிகாரம் சொல்கிறது. கம்பம், உத்தமபாளையம் ராவுத்தர் வீடுகளில் எந்தக் காரியத்துக்கும் முதலில் நிய்யத், அதாவது எண்ணம், வேண்டும் என்பார்கள். செயல்கள் எல்லாம் எண்ணங்களைக் கொண்டே என்பது புகாரி தொகுப்பின் முதல் நபிமொழி. புத்தரோ எண்ணத்தையே வினை என்றார். இவர்கள் யாரும் செயல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்து போகிற நினைப்பை நான் பாவம் என்று சொல்ல மாட்டேன். திட்டம் போட்டு, சமயம் பார்த்து, கடைசியில் போலீஸ் வந்ததால் கைவிட்டவன் கதை வேறு.

முல்லைப் பெரியாறு விஷயத்தில் கேரளக்காரர்கள் கெட்ட எண்ணத்தோடுதானே இருக்கிறார்கள்?

இல்லை. இந்தக் கேள்விக்காகவே இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றிலும் உப்புத்தறையிலும் இருக்கிற தாய், மழை நாளில் பழைய அணையை நினைத்துத் தூங்காமல் கிடக்கிறாள். அவளுக்கு நம் வயல் காய வேண்டும் என்ற எண்ணம் கிடையாது. கூடலூரில் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற விவசாயிக்கு அவள் வீடு அடித்துப்போக வேண்டும் என்ற எண்ணம் கிடையாது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னபோது, அணை பாதுகாப்பானதா என்பதை நிபுணர் குழு அறிக்கையை வைத்துப் பார்த்தது. யார் மனம் நல்ல மனம் என்று பார்க்கவில்லை. சரியான வழி அதுதான்.

2011 டிசம்பரில் அணைத் தகராறு முற்றிக் குமுளியில் போக்குவரத்து நின்று, தோட்ட வேலைக்குப் போன நம் ஆட்கள் அடிபட்டும் பயந்தும் இறங்கி வந்ததை இந்தப் பள்ளத்தாக்கு மறக்காது. இங்கே மலையாளிகளின் கடைகள் உடைபட்டதையும் மறக்கக்கூடாது. அந்த நாட்களில் இரண்டு பக்கமும் ஒரே பிழையைச் செய்தது. தன் ஆட்கள் செய்ததை அவர்கள் எண்ணத்தை வைத்து அளந்தது: "பாவம், கோபத்துல செஞ்சுட்டாங்க". எதிர்ப்பக்கம் செய்ததை விளைவை வைத்து அளந்தது: "பாருங்க, எப்படி அடிச்சிருக்கானுங்க". இரண்டு அளவுகோலில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், இரண்டு பக்கத்துக்கும் ஒன்றையே எடுங்கள். என் மாணவர்களிடம் நான் கண்டிப்பாகக் கேட்பது இது ஒன்றுதான்.

ஒருவர் எண்ணம் என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லோரும் நல்ல எண்ணம் என்றுதான் சொல்வார்கள்.

முன்னால் என்ன விசாரித்தார், பின்னால் என்ன செய்தார் என்று பாருங்கள். வண்டியில் அடித்ததும் நிறுத்தி இறங்கித் தூக்கினாரா, வேகத்தைக் கூட்டினாரா? தப்புத் தெரிந்த மறுநாள் முறையை மாற்றினாரா? அவருக்குச் சாதகமாகவே ஒவ்வொரு முறையும் தவறு நேர்கிறதா? எடைக்கல் எப்போதும் கடைக்காரர் பக்கமே பிசகினால் அது பிசகு அல்ல. தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் இதே வழிதான். நம் எண்ணம் பற்றி நாமே நமக்குச் சொல்லிக்கொள்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

தெரியாமல் ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டேன். என்ன சொல்வது?

"நான் வேணும்னு செய்யல" என்பதை முதலில் சொல்லாதீர்கள். அது உண்மையாக இருந்தாலும், அந்த நேரத்தில் அது உங்களைப் பற்றிய பேச்சு. முதலில் அவருக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். இழப்பைச் சரிசெய்ய முடிந்ததைச் செய்யுங்கள். சாலை விபத்தென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, யார் மேல் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லாமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் இழப்பீடு என்கிறது. காப்பீட்டுத் தாள்களை ஒளிக்காமல் அந்தக் குடும்பத்திடம் கொடுங்கள். அடிபட்டவரைத் தூக்கிப்போக யாராவது தயங்கினால், உதவுகிறவர்களுக்கு 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவின் பாதுகாப்பு உண்டு என்று சொல்லுங்கள். எப்படி நடந்தது என்று அவர்கள் கேட்கும் நாள் வரும். அன்று நடந்ததை மறைக்காமல், நீங்கள் எங்கே பார்க்கத் தவறினீர்கள் என்பதையும் சேர்த்து, முழுதாகச் சொல்லுங்கள். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர்கள் உரிமை.